மேற்கே மின்னினால்

ஆடி மாதத்து இரவுகளில் எங்கள் அப்பத்தா மொட்டை மாடிக்கு வந்து மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாகமலையின் முதுகுக்கு அப்பால், இடிச்சத்தம்கூட எட்டாத தூரத்தில், மின்னல் வெட்டும். "கம்பத்துப் பக்கம் ஊத்துது" என்பாள். ஐப்பசியில் அதே திசையில் கொஞ்சம் தெற்கே தள்ளி மின்னினால் அவள் குரலே மாறிவிடும். "வருசநாட்டுல பெய்யுதுடா. இது நம்ம தண்ணி."

பள்ளிக்கூடம் போகாதவள். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்ற பெயர்களை அவள் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மதுரைக்கு இரண்டு மழைகளின் தண்ணீர் வருகிறது என்பதும், இரண்டும் வெவ்வேறு மலைகளில் விழுகின்றன என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனி, ஆடியில் பெய்வது பெரியாற்று மழை. மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, குகை வழியாக இந்தப் பக்கம் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது மூல வைகையின் மழை. மழைமறைவில் கிடக்கிற வருசநாட்டு மலைகளுக்கு அப்போதுதான் விடியும். ஊரில் ஒரு சொட்டு விழாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் வரும். வானம் நிர்மலமாக இருக்கும்போது ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வருவதைச் சிறு வயதில் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும், இந்த ஊர் ஒரு மலையின் காலடியில் இருக்கிறது என்பது.

இன்றைய மதுரைப் பிள்ளைகளுக்கு அந்த மலையோடு எந்த உறவும் இல்லை. கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் போகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த மலைதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஆழ்வார்புரத்தில் இருந்தது. தெருவின் முடிவில் ஆறு. ஏ.வி. பாலம் என்று நாங்கள் சொல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலம் ஒரு பக்கம், கல்பாலம் ஒரு பக்கம், நடுவில் மைய மண்டபம். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடியதாக யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வைகை அந்த மாதிரி ஆறு அல்ல. வருஷத்தில் பாதி நாள் மேலே தண்ணீர் கிடையாது. ஆனால் மணல் இருந்தது. கரையிலிருந்து கரைவரை, காலை வைத்தால் கணுக்கால் புதைகிற வெள்ளை மணல்.

அந்த மணலில் நடக்காத காரியம் இல்லை. சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் ஏற்றும் சௌராஷ்டிரக் குடும்பத்தார் ஈரச் சேலைகளை நீளநீளமாக விரித்துப் போட்டிருப்பார்கள். கருஞ்சிவப்பு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆற்றில் வண்ணம் ஓடுவது போலவே இருக்கும். வைகைத் தண்ணீரில் அலசினால்தான் சாயம் பிடிக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். இன்னொரு பக்கம் வெள்ளாவி அடுப்புகள். கோடையில் வெள்ளரிக்காய் போட்டிருப்பார்கள். சாயங்காலம் சடுகுடு. பௌர்ணமி இரவில் கட்டுச்சோறு கொண்டுவந்து உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு, நாங்களும் சாப்பிட்டோம்.

எல்லாவற்றையும் விட, ஊற்று. சித்திரை வெயிலில் தெருக்குழாய் வறண்டால் அத்தையும் பக்கத்து வீட்டு அக்காக்களும் குடத்தோடு ஆற்றுக்குள் இறங்குவார்கள். எந்த இடத்தில் தோண்டுவது என்பதற்கு ஒரு கண் வேண்டும். மணல் கொஞ்சம் கருத்து, விடியற்காலையில் ஈரம் பூத்திருக்கிற இடமாகப் பார்ப்பார்கள். முழங்கால் ஆழம் தோண்டினால் சுரந்துவிடும். முதலில் வருவது கலங்கல்; அதைச் சிரட்டையால் இறைத்து இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் சரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அடியில் மணல்துகள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரித் தெளியும். வெள்ளைத் துணியைக் குடத்து வாயில் கட்டி, சிரட்டை சிரட்டையாக மொண்டு ஊற்றுவார்கள். போகும்போது ஊற்றின் மேல் முள்ளை வைத்து மூடிவிட்டுப் போவார்கள், மாடு வாய் வைக்காமல் இருக்க. ஒருவர் தோண்டிய ஊற்றில் இன்னொருவர் மொள்ளலாம். கலக்கிவிட்டுப் போகக் கூடாது.

நகரத்தின் குடிநீரே பல காலம் அப்படித்தான் வந்தது. கோச்சடைப் பக்கம் ஆற்று மணலுக்கடியில் ஊறும் தண்ணீரைத்தான் இறைத்து ஊருக்குக் கொடுத்தார்கள். அத்தை சிரட்டையால் செய்ததை நகராட்சி எஞ்சினால் செய்தது, அவ்வளவுதான்.

ஆற்று மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. வெள்ளம் போகும்போது அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் ஏறிக்கொள்ளும். திறந்த குளத்துத் தண்ணீரை வெயில் உறிஞ்சுவதுபோல மணலுக்கு அடியில் போனதை உறிஞ்ச முடியாது. கென்யாவின் கிடுய் பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறுகளின் குறுக்கே சின்னச் சுவர்கள் கட்டி, வெள்ளம் கொண்டுவரும் மணலை அங்கே படியவைத்து, கோடை முழுவதும் அதிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். மணலைச் சேர்ப்பதற்காகவே அணை கட்டுகிறார்கள். நமக்கு இயற்கை கூலி கேட்காமல் செய்துவைத்திருந்த ஏற்பாடு அது. ஐப்பசியில் வருசநாட்டில் பெய்த மழையைச் சித்திரையில் ஆழ்வார்புரத்தில் குடித்தோம் என்றால், இடைப்பட்ட மாதங்களில் அந்த மழையைப் பத்திரமாக வைத்திருந்தது மணல்தான்.

அதைத்தான் லாரி லாரியாக விற்றோம். முதலில் மாட்டுவண்டி. பிறகு லாரி. பிறகு ஆற்றுக்குள்ளேயே இயந்திரம். ஊர் பெருகியது, எல்லோருக்கும் மாடி வீடு வேண்டியிருந்தது. இன்று மதுரையில் நிற்கிற எத்தனையோ சுவர்களுக்குள் வைகையின் மணல் இருக்கிறது. மணல் போன இடத்தில் களிமண்ணும் பாறையும் வெளியே வந்தன. அதில் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் குடியேறின.

தண்ணீரைப் பிடித்துவைக்கும் மணலின் வேலையை ஆற்றின் தலைப்பக்கத்தில் வேறொன்று செய்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தது வாலிப வயதில், பெரியப்பாவோடு. பெரியப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் முள்ளிப்பள்ளத்தில் நிலம், கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வேண்டும். அதனால் அவருக்கு மலைமேல் ஒரு கண் எப்போதும் உண்டு. "தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவையாவது பாத்துரணும்ப்பே" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினார்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்றே வேறு. தேனிக்கு அப்பால் வயல்கள் ஒரே பச்சை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி முல்லையாறு தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா இறங்கிக் குளித்தார். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். ஒவ்வொரு ஊரும் ஆற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தது. போடிப் பக்கமிருந்து கொட்டக்குடி ஆறு, பெரியகுளத்தில் வராகநதி, தேவதானப்பட்டிப் பக்கம் மஞ்சளாறு, சுருளித் தீர்த்தத்திலிருந்து சுருளியாறு என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார். சொந்தக்காரர்களின் பெயர்களைச் சொல்வது மாதிரிச் சொன்னார். அத்தனையும் வைகையில் சேருகிற கைகள்.

லோயர் கேம்பில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, மின்சாரமும் கொடுத்துவிட்டு, எங்கள் வாய்க்காலுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த யோசனை பழையது. 1789லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை அதை எண்ணிப் பார்த்து, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887ல் வேலை தொடக்கம். யானையும் காய்ச்சலும் காட்டாறும் நிறைந்த இடத்தில், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்பொடியும் குழைத்து, பென்னிகுயிக் என்ற பொறியாளரின் கீழ் பெரியாற்று அணையைக் கட்டி, 1895 அக்டோபர் 10ல் திறந்தார்கள். அவர் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதைக்குக் காகிதம் தேடுவதைவிட, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் படத்தை ஊர் ஊராகச் சாமி படத்தோடு மாட்டிவைத்து, அவர் பிறந்த ஜனவரி 15ல் பொங்கல் வைக்கிறார்களே, அந்த நன்றியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூடவே இன்னொன்றையும் நினைக்கிறேன். அங்கே காய்ச்சலிலும் விபத்திலும் மடிந்த நூற்றுக்கணக்கான கூலியாட்களில் நம் பக்கத்துச் சனங்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரைச் சொல்லி வைக்கும் பொங்கலை நான் பார்த்ததில்லை.

அந்த அணையைப் பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இருக்கிற வழக்கை இங்கே நான் பேசவரவில்லை. 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன இரவில் சோழவந்தானில் வெடி போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றோரம் படுத்திருந்தவர்கள் அன்று எப்படித் தூங்கினார்கள் என்றும் யோசித்தேன். இரண்டு பக்கத்துக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள்.

இந்தத் தண்ணீரில் விளைகிற நிலம், பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம் 1,05,002 ஏக்கர். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707. இந்த எண்களைப் பெரியப்பா தலைகீழாகச் சொல்வார். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்பதைத்தான். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. அந்த மூன்றாவது எச்சரிக்கை பேப்பரில் வந்த நாளில் பெரியம்மா பாயசம் வைத்ததை நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் அந்த அணை வந்தபோது மூழ்கிய ஊர்களின் சோகத்தைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதினார். எங்கள் பாயசத்துக்கு அந்தச் சனங்கள் கொடுத்த விலையைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

கம்பத்தில் இரவு தங்கிவிட்டு மறுநாள் மேகமலைக்குப் போனோம். தேயிலைக்கு நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாகச் சோலை. உள்ளே நுழைந்தால் நடுப்பகலில் இருட்டு. கால் வைத்த இடமெல்லாம் மக்கிய இலை, பாசி, ஈரம். மழை நின்று பல நாளாகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வேரின் அடியிலிருந்தும் விரல் கனத்துக்குத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பெரியப்பா குனிந்து அந்த மண்ணை அள்ளி இறுக்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. "நம்ம ஆத்து மணல் செய்யுறத இங்க இந்தக் காடு செய்யுதுப்பே" என்றார்.

அன்று அதைக் கேட்டுத் தலையாட்டினேன். அதன் கனம் இப்போதுதான் தெரிகிறது. தலையில் சோலை, காலில் மணல். இரண்டும் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விட்டவை. நாம் நடுவில் அணை கட்டினோம். தப்பில்லை, அது இல்லாமல் லட்சம் ஏக்கர் இல்லை. ஆனால் அணை இருக்கிறதே என்ற தைரியத்தில் தலையையும் காலையும் கைவிட்டோம். மேலே சோலையை வெட்டித் தேயிலை போட்டாகிவிட்டது. வருசநாட்டில் வெள்ளிமலை வரை காடு மெலிந்தது. மரம் போன சரிவில் பெய்த மழை மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரே நாளில் அணைக்கு வருகிறது. வண்டல் சேர்ந்து அணை மேடாகிறது. 2021ல் அந்தப் பக்கத்து மலைகளை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தபோது, புலிக்காக என்று எல்லோரும் பேசினார்கள். அது வைகைக்கும்தான். மதுரையில் அன்று மேளதாளம் அடித்துக் கொண்டாடியிருக்க வேண்டும்.

ஊருக்குள் தொலைந்துபோனதையும் சொல்லவேண்டும். தெற்கே கிருதுமால் என்று ஒரு ஆறு ஓடியது. கூடலழகர் கோயில் பட்டர் ஒருவர், வைகையும் கிருதுமாலும் சேர்ந்து பெருமாளுக்குப் போட்ட மாலை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பா அதில் மீன் பிடித்தவர். நான் பார்த்தபோதே அது சாக்கடை. இப்போது அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அதற்குப் பெயர் இருப்பதே தெரியாது. கண்மாய்களும் அப்படியே. தல்லாகுளம் கண்மாய் கட்டடங்களாயிற்று, உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது. வண்டியூர், மாடக்குளம், செல்லூர்க் கண்மாய்கள் மிச்சமிருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மறுகால் பாய்ந்து போன வழிகளில்தான் இன்று தெருக்கள். பெரிய மழையில் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் வரும்போது, தண்ணீர் தன் பழைய வழியில் நடக்கிறது.

திருவிழா மட்டும் தவறுவதில்லை. சித்ரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். பச்சைப் பட்டில் தங்கக் குதிரை அசைந்து வரும்போது, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு அத்தைமார் காத்திருக்கிறார்கள். கண்ணீர் வராமல் அதை என்னால் இன்றும் பார்க்க முடிவதில்லை. ஆவணியில், வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்த விழா. பாண்டியன் ஆளுக்கொரு பங்காகக் கரையை அடைக்கச் சொன்னான் என்பதுதானே அந்தக் கதை. வந்திக் கிழவியின் பங்கைக்கூட விடாத ஊர் இது. ஆற்றுக்கு மண் போட்டதற்காகச் சாமியையே கும்பிடுகிற ஊரில், ஆற்று மணலை அள்ளியவர்களை ஏன் கேட்காமல் இருந்தோம்?

இப்போது லோயர் கேம்பிலிருந்து நேராக மதுரைக்குக் குழாய் பதித்திருக்கிறார்கள். பெருகிவிட்ட நகரத்துக்கு அது தேவைதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குடத்தோடு லாரிக்குக் காத்துநின்ற பெண்களை அறிந்தவன் நான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆற்றின் வழியே வந்த தண்ணீர் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரின் கிணற்றையும் நனைத்துவிட்டு வந்தது. குழாயில் வருகிற தண்ணீர் யாருக்கும் எதையும் கொடுக்காமல் வருகிறது. நகரத்துக்குள் ஏ.வி. பாலத்தருகிலும் ஓபுளாபடித்துறையிலும் தடுப்பணை கட்டி, இரு கரையிலும் கான்கிரீட் சுவரும் சாலையும் போட்டாயிற்று. சாக்கடை வாய்களை அடைக்காமல் தேக்கியதால் தேங்குவது சாக்கடை. அந்தச் சுவருக்குச் செலவழித்ததில் ஒரு பங்கைச் சாக்கடையைத் திருப்பவும், நாலு மைல் தூரத்துக்காவது மணலைத் திரும்பப் படியவைக்கவும் செலவழித்திருக்கலாம்.

வைகையின் கடைசிப் பங்காளிகள் கீழே இருக்கிறார்கள். பூர்வீகப் பாசனக் கணக்கில் இராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. இந்த ஆறு போய் நிறைவது இராமநாதபுரம் பெரிய கண்மாயில், மிஞ்சினால்தான் கடல். பரமக்குடியில் எங்கள் சின்னம்மா வீடு. அந்தக் காலத்தில் டிரங்கால் போட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "அங்க தண்ணி தாண்டிருச்சா?" என்பதுதான். அணையில் திறந்தது அவர்கள் ஊர் வந்துசேர நாட்கள் ஆகும். அதற்குள் வாய்க்காலைச் செதுக்கி, மடையைச் சரிபார்த்துக் காத்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் சின்னம்மா மகன் என்னை மானாமதுரைக்குக் கீழே ஒரு கால்வாயின் தலைப்புக்குக் கூட்டிப்போனான். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டதால், கண்மாய்க்குப் போகும் கால்வாயின் வாய் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. தண்ணீர் அதைத் தொடாமல் கீழேயே போனது.

"ஆறு கீழ போயிருச்சுண்ணே, கால் மேல நிக்குது. இனிமே தண்ணி வந்தா மட்டும் போதுமா?" என்று கேட்டான்.

ஊர்க்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குறுக்கே மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், மட்டம் உயர்ந்து வாய்க்காலில் ஏறட்டும் என்று. மூட்டைக்குள் இருந்தது மணல். அதைக் காசு கொடுத்து வாங்கிவந்திருந்தார்கள்.